அடுப்படியைப் பார்த்து அறை எடுங்கள்: பலேர்மோ நகரில் சில நாட்கள்



இத்தாலி என்றதும் ரோமாபுரியும் வெனிஸும் பீசாவின் சாய்ந்த கோபுரமுமே நம் நினைவுக்கு வரும். ஆனால் நல்ல சாப்பாட்டை விரும்பும் ஒரு முஸ்லிம் குடும்பம் இத்தாலியில் ஒரேயொரு நகரைத் தெரிவு செய்ய வேண்டுமானால், அது சிசிலித் தீவின் தலைநகரான பலேர்மோவாக இருக்கட்டும். ஐரோப்பாவில் வாழும் மக்களையும் மருமக்களையும் பார்த்து வரச் செல்லும் தாய்மார் இன்று நம்மிடையே பலர். அவர்களில் சிலருக்காவது அங்கே நான்கைந்து நாட்கள் தங்கும் வாய்ப்புக் கிடைக்கலாம்.

அப்படிப் புறப்படுகிறவர்கள் முதலில் கேட்பது, "எந்த ஹோட்டல் நல்லது?" என்றுதான். பலேர்மோவைப் பொறுத்தவரை முதலில் கேட்க வேண்டியது வேறு. "எந்தச் சந்தைக்குப் பக்கத்தில் வீடு? அந்த வீட்டில் அடுப்பு உண்டா?" என்று கேளுங்கள். காரணத்தைச் சொல்கிறேன்.

நம்மவர் ஆண்ட நகரம்

ஹிஜ்ரி 212, அதாவது கி.பி. 827இல் கைரவான் நகரின் காழி அஸத் இப்னு புறாத் தலைமையில் முஸ்லிம் படை சிசிலியின் மஸாறா கரையில் இறங்கியது. 831இல் பலேர்மோ வசமாகியது. 1072இல் நோர்மன்கள் அதைக் கைப்பற்றும் வரை 241 ஆண்டுகள் அது முஸ்லிம்களின் நகரமாக இருந்தது. 973இல் அங்கு சென்ற பயணி இப்னு ஹவ்கல், முந்நூறுக்கும் அதிகமான பள்ளிவாசல்கள் இருந்ததாக எழுதியுள்ளார். இந்த ஊரார் காலையும் மாலையும் பச்சை வெங்காயம் தின்று புத்தியை மழுங்கடித்துக்கொண்டார்கள் என்று அவர் கேலி செய்ததும் உண்டு!

ஆட்சி போனது, ஆனால் சமையலறையை விட்டு நம்மவர் போகவில்லை. நீர்ப்பாசனத்தைச் செம்மைப்படுத்தி எலுமிச்சை, நாரத்தை, கரும்பு, கத்தரி முதலியவற்றை அந்த மண்ணில் செழிக்கச் செய்தவர்கள் முஸ்லிம் விவசாயிகள். தோட்டத்துத் தண்ணீர்த் தொட்டியைச் சிசிலியர் இன்றும் 'ஜெப்பியா' என்கிறார்கள், அறபியில் 'ஜாபியா'. எள்ளுக்கு அவர்களுடைய பெயர் 'ஜுஜ்ஜுலேனா', அறபியில் 'ஜுல்ஜுலான்'. 'கஸ்ஸாத்தா' என்ற புகழ்பெற்ற இனிப்பின் பெயர், கிண்ணத்தைக் குறிக்கும் 'கஸ்ஆ' என்ற அறபுச் சொல்லிலிருந்து வந்தது என்பர். இத்தாலியரின் உயிர் உணவான பாஸ்தாவைப் பற்றியும் ஒரு செய்தி உண்டு. பலேர்மோவுக்கு அருகே த்ராபியா என்ற ஊரில் மாவை நூலாக்கிச் செய்த 'இத்ரிய்யா' என்னும் உணவு, முஸ்லிம் நாடுகளுக்கும் கிறிஸ்தவ நாடுகளுக்கும் கப்பலேறியது என்று புவியியல் அறிஞர் அல்இத்ரீஸி எழுதினார். 1154இல் நோர்மன் அரசர் இரண்டாம் ரொஜருக்காக அவர் முடித்த நூலில் அது இருக்கிறது.

அப்படியானால் பிரச்சினை என்ன?

இத்தனை உறவு இருந்தும், இன்றைய பலேர்மோவின் உணவுக்கடையில் நாம் கண்ணை மூடிக்கொண்டு சாப்பிட முடியாது. மொறுமொறுப்பான குழலுக்குள் பாற்கட்டி நிரப்பிய 'கன்னோலி'யைப் பார்த்தாலே பிள்ளைகள் கேட்பார்கள். அதன் மாவில் பன்றிக் கொழுப்பும் மர்சாலா என்ற வைனும் சேர்ப்பதே பழைய முறை. சோற்றை உருட்டிப் பொரித்த 'அரஞ்சீனா'வின் உள்ளே இறைச்சியோ பன்றித் தொடை இறைச்சியோ இருக்கும். மண்ணீரல் வைத்த பாணை அந்தக் கொழுப்பிலேயே பொரிக்கிறார்கள். மெத்தென்ற பணிஸ்களிலும் அது கலந்திருக்கலாம்.

ஹோட்டல் அறையில் தங்கினால் மூன்று வேளையும் வெளியில்தான் சாப்பிட வேண்டும். ஒவ்வொரு வேளையும் ஐயம், விசாரணை, பிள்ளைகளின் முகவாட்டம். கடைசியில் பிஸ்கட்டும் வாழைப்பழமுமாக நாட்கள் கழியும். உலகப் புகழ்பெற்ற உணவு நகருக்குப் போய்ப் பட்டினி கிடந்து திரும்புவதா? ஒரு சிறிய அடுப்பு இருந்தால் இந்த நிலைமை மாறிவிடும். பலேர்மோ உணவின் உயிர் அங்குள்ள மீனிலும் மரக்கறியிலும் பழத்திலும் இருக்கிறது. அவை யாவும் நமக்கு ஆகுமானவை.

எந்தப் பகுதியில் தங்குவது?

பழைய நகரின் நடுவே இரண்டு நீண்ட வீதிகள் குறுக்கிடுகின்றன. ஒன்று மக்குவேதா வீதி. மற்றது கஸ்ஸாரோ என்று மக்கள் அழைக்கும் பழைய வீதி. 'அல்கஸ்ர்', அதாவது கோட்டை என்பதே அதன் மூலம். அவை சந்திக்கும் இடம் 'குவாத்ரோ காந்தி', நான்கு மூலை. அதைச் சுற்றி நான்கு பகுதிகள். ஒவ்வொன்றுக்கும் ஒரு குணம் உண்டு.

அல்பெர்கெரியா: பல்லாரோ சந்தை இங்கேதான். மத்திய புகையிரத நிலையத்திலிருந்து நடந்தே போகலாம். விலை குறைவு; கூவி விற்கும் சத்தமோ அதிகம். பங்களாதேஷ், ஆபிரிக்க நாடுகளைச் சேர்ந்தவர்களும் நமது இலங்கைத் தமிழர்களும் இந்தச் சுற்றுவட்டாரத்தில் கடை வைத்து வாழ்கிறார்கள். ஹலால் இறைச்சி, அரிசி, மிளகாய்த்தூள், மஞ்சள் எல்லாம் தேடிப் பெறலாம். சமைத்துச் சாப்பிடும் குடும்பத்துக்கு இதுவே முதல் தெரிவு. ஆனால் சந்தை வீதியிலேயே அறை எடுக்காதீர்கள். இரண்டு தெரு தள்ளி எடுத்தால் இரவில் தூங்கலாம்.

காப்போ: இதே பெயரில் சந்தையும் உண்டு. 1897இல் திறக்கப்பட்ட மாபெரும் இசையரங்கான தேயாத்ரோ மாஸ்ஸிமோவுக்குப் பின்னால் இருக்கிறது. மீனும் மரக்கறியும் இங்கும் சிறப்பு. அகன்ற வீதி பக்கத்திலேயே இருப்பதால், வயதான பெற்றோருடன் செல்பவர்களுக்குப் பல்லாரோவை விட இது வசதி.

கல்ஸா: 'அல்காலிஸா' என்ற பெயரில் 937இல் முஸ்லிம் ஆட்சியாளர் அமைத்த அரசிருக்கைப் பகுதி. 1943இன் குண்டுவீச்சில் பெரிதும் சிதைந்து, பின்னர் மெல்ல மெல்லச் சீராகியது. கடற்கரை அருகில், அமைதி அதிகம். சந்தைக்குச் சற்று நடக்க வேண்டும். கைக்குழந்தையுடன் செல்பவர்களுக்கு ஏற்றது.

வுச்சிரியா: பயண நூல்கள் புகழும் பழைய சந்தை இது. இன்று பகலில் கடைகள் சொற்பம். இரவானதும் மதுவும் ஆட்டபாட்டமும்தான். பகலில் பார்த்துவிட்டு வாருங்கள், தங்க வேண்டாம்.

பழைய நகருக்கு வடக்கே பொலிதேயாமா பகுதியில் லிப்ட் உள்ள பெரிய கட்டடங்களும் நேரான வீதிகளும் உண்டு. வசதி கூடுதல்தான்; ஆனால் சந்தை தூரமாகிவிடும்.

அறை எடுக்குமுன் கேட்க வேண்டியவை

சமையலறை உண்டா, அடுப்புடன் சட்டி பானையும் தருவார்களா என்று கேளுங்கள். முன்பு தங்கியவர்கள் என்ன சமைத்தார்களோ நமக்குத் தெரியாது. ஆகவே ஒரு சிறிய சட்டி, அகப்பை, கத்தி ஆகியவற்றை ஊரிலிருந்தே கொண்டுபோவது மனதுக்கு நிம்மதி. எத்தனையாம் மாடி, லிப்ட் உண்டா என்பது அடுத்த கேள்வி. பழைய வீடுகளின் படிகள் செங்குத்தானவை. முழங்கால் வலி உள்ள உம்மாவை நினைத்துக்கொள்ளுங்கள். தண்ணீர்த் தொட்டி உண்டா என்றும் கேளுங்கள். 2024இன் வறட்சியில் பலேர்மோவில் தண்ணீரை முறை வைத்து விநியோகித்தார்கள்.

ஒரு கவலை மட்டும் வேண்டாம். 1975இன் சட்டப்படி இத்தாலிய வீடுகளின் குளியலறையில், தண்ணீரால் சுத்தம் செய்துகொள்வதற்கான 'பிடே' தொட்டி இருக்க வேண்டும். ஐரோப்பாவின் பல நாடுகளில் இல்லாத வசதி இது! கிப்லா தென்கிழக்குத் திசையில். பழைய நகருக்குள் ஒரு பள்ளிவாசலும் இருக்கிறது. முன்பு தேவாலயமாக இருந்த கட்டடம் அது.

சந்தையில் ஒரு காலை

வெயில் ஏறுமுன் போய்விடுங்கள். சாளை, நெத்தலி, சூரை, வாளேந்திய மூக்குடன் நிமிர்ந்து நிற்கும் வாள்மீன் எல்லாம் பனிக்கட்டி மேல் இருக்கும். சாளையும் காட்டுப் பெருஞ்சீரகக் கீரையும் உலர் திராட்சையும் குங்குமப்பூவும் சேர்ந்த பாஸ்தா பலேர்மோவின் பெருமை. மீனில் திராட்சையின் இனிப்பா என்று யோசிக்கிறீர்களா? புரியாணியில் பிளம்ஸ் போடும் நமக்கு அது புதிதல்லவே.

'கப்பொனாத்தா' செய்வதும் இலகு. பொரித்த கத்தரிக்காயுடன் வெங்காயம், தக்காளி, செலரித் தண்டு, ஒலிவ் காய் சேர்த்துப் புளிப்பும் சீனியும் இட்டுப் பிரட்டுவார்கள். நமது கத்தரிக்காய் மோஜுவின் தூரத்து உறவு! அங்கே ஊற்றுவது வைனிலிருந்து வந்த வினாகிரி. ஐயமுள்ளவர்கள் எலுமிச்சைச் சாறு பிழிந்துகொள்ளலாம். வெளியே வாங்கிச் சாப்பிட ஆசையா? கடலைமாவில் செய்த 'பனெல்லே' பொரியலைப் பாணுக்குள் வைத்துத் தருவார்கள். அதே எண்ணெயில் பன்றி இறைச்சி கலந்தவற்றைப் பொரிக்கிறார்களா என்று மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள்.

நான்கு சொற்களை மனப்பாடம் செய்யுங்கள்: 'மயாலே' என்றால் பன்றி, 'ஸ்த்ரூத்தோ' என்றால் பன்றிக் கொழுப்பு, 'வீனோ' என்றால் வைன், 'சென்ஸா' என்றால் 'இல்லாமல்'. "சென்ஸா ஸ்த்ரூத்தோ?" என்று சிரித்த முகத்துடன் கேட்டால் யாரும் முகம் சுளிக்கமாட்டார்கள்.

மாலையில் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு வெளியே செல்லுங்கள். முன்னொரு காலத்தில் பள்ளிவாசல் இருந்த இடத்தில் நிற்கும் பேராலயத்தின் வாயில் தூணொன்றில் அல்குர்ஆன் வசனம் இன்றும் இருக்கிறது. 'அல்அஸீஸா' என்ற பெயர் மருவிய ஸீஸா மாளிகையையும் காட்டுங்கள். ஹஜ்ஜை முடித்துத் திரும்பும் வழியில் 1184இன் இறுதியில் இங்கு வந்த இப்னு ஜுபைர், இந்நகரின் கிறிஸ்தவப் பெண்களும் முஸ்லிம் பெண்களைப் போலவே முகத்திரையிட்டு மருதோன்றி பூசியிருந்ததைக் கண்டு எழுதினார். நோர்மன்கள் வென்று நூற்றுப் பன்னிரண்டு ஆண்டுகள் கழிந்த பின்னரும் அந்த நிலை!

சகோதரிகளே, ஆட்சிகள் அழியும், கோட்டைகள் இடியும். ஒரு சமூகத்தின் கைப்பக்குவம் மட்டும் தாயிடமிருந்து மகளுக்கு, சில வேளை அடுத்த சமூகத்தின் மகளுக்கும், போய்ச் சேர்ந்துகொண்டே இருக்கும். பலேர்மோவில் நீங்கள் வாடகைக்கு எடுக்கும் அந்தச் சின்ன அடுப்படியில் கத்தரிக்காய் பொரியும்போது உங்கள் மகளையும் பக்கத்தில் நிறுத்திக்கொள்ளுங்கள். பிஸ்மில் சொல்லிச் சட்டியைத் தூக்கி வையுங்கள். அந்தக் கத்தரிக்காய் எப்படி அங்கு வந்தது என்று அவளுக்குச் சொல்ல இதைவிட நல்ல இடம் கிடைக்காது.