இரண்டு விநாடிக் கெடு

அலுவலகத்தில் தபால் பிரித்துப் பழகிய நண்பர்களுக்கு இன்று நான் எழுதப்போவது சுலபமாகப் புரியும். விஷயம் கம்ப்யூட்டரைப் பற்றியது. அதற்காகப் பயந்து பக்கத்தை மூடிவிட வேண்டாம்.

லினக்ஸ் ஓடும் சர்வர்களில் தணிக்கைப் பதிவேடு ஒன்று வைத்துக்கொள்ள வசதி உண்டு. யார் உள்ளே வந்தார், எந்தக் கோப்பைத் திறந்தார், எந்தக் கட்டளையை ஓட்டினார் என்று, நாம் கவனிக்கச் சொன்னவற்றை அது எழுதிக்கொண்டே இருக்கும். ஏதாவது தப்பு நடந்தால் முதலில் புரட்டப்படும் பதிவேடுகளில் அதுவும் ஒன்று.

ஆனால் பெரும்பாலும் ஒரு செயல் அதில் ஒரே வரியில் அடங்குவதில்லை. செய்தவர் யார் என்பது ஒரு வரி. எந்த இடத்தில் இருந்துகொண்டு செய்தார் என்பது இன்னொரு வரி. எந்தக் கோப்பைத் தொட்டார் என்பது வேறொரு வரி. நம் கோப்பு எண் போல எல்லா வரிகளிலும் ஒரே நேரமும் ஒரே வரிசை எண்ணும் இருக்கும். ஒரே சமயத்தில் பல வேலைகள் நடப்பதால், ஒருவருடைய வரிகளுக்கு நடுவே அடுத்தவருடைய வரிகள் புகுந்துவிடும். இவற்றைப் பிரித்துச் சேர்த்துக் கொடுப்பது ஏயூசெர்ச், ஏயூரிப்போர்ட் என்ற கருவிகளின் வேலை.

எல்லா வரியும் வந்துவிட்டது என்று அவற்றுக்கு எப்படித் தெரியும்? நான் பிரெஞ்சு வழியில் படித்தவன். பிரெஞ்சுக் கடிதத்தின் அடியில் 'பியெஸ் ழுவேந்த்' என்று எழுதி, இணைப்பு எத்தனை என்று குறிப்பது வழக்கம். வாங்குபவர் எண்ணிச் சரிபார்த்துக்கொள்ளலாம். தணிக்கைப் பதிவேட்டிலும் அப்படி ஓர் எண்ணிக்கை உண்டு. ஆனால் அது கோப்புப் பெயர் வரும் வரிகளை மட்டுமே எண்ணும். ஆகவே கருவி ஒரு கெடு வைத்துக்கொள்கிறது. பதிவேட்டில் பின்னால் வரும் வரிகளின் நேரம் 2 விநாடி முன்னே போய்விட்டால், இந்தச் செயல் முடிந்தது என்று கட்டிவைத்துவிடும்.

இயந்திரக் கணக்கில் 2 விநாடி தாராளம்தான். ஆனால் வேலை நெருக்கும் சர்வரில் சில வரிகள் பிந்தி வரலாம். பிந்தி வந்தது தனிச் செயலாக நின்றுவிடும். ஒரு பாதியில் ஆள் இருப்பார், கோப்பு இருக்காது. மறு பாதியில் கோப்பு இருக்கும், ஆள் இருக்கமாட்டார்.

இதைப் படித்தபோது எனக்கு ஒரு சக ஊழியரின் நினைவு வந்தது. அலுவலகத்தின் பெயர் வேண்டாம். அவரிடம் 15 நாளில் விளக்கம் கேட்டுக் குறிப்பாணை வந்தது. முகப்புக் கடிதம் கெடுவுக்குள் போய்ச் சேர்ந்தது. ஆதாரமான இணைப்பு, வெளியூர்க் கிளையிலிருந்து வரவேண்டியது, நான்கு நாள் பிந்தியது. 'விளக்கம் திருப்தி இல்லை' என்று கோப்பு முடிந்தது. ஓர் ஆண்டு ஊதிய உயர்வு நின்றது. பிந்தி வந்த காகிதமும் அதே கோப்பில்தான் கோக்கப்பட்டது. அதைப் புரட்டிப் பார்க்கத்தான் ஆள் இல்லை. ஏன் 15 நாள் என்று கேட்டதற்கு, "வழக்கம்" என்பதுதான் பதில்.

கருவியிலும் அந்த 2 வெகுகாலம் வழக்கமாகவே இருந்தது. நிரலுக்குள்ளேயே எழுதியிருந்ததால், நிரலைத் திருத்தத் தெரிந்தவர்தான் மாற்ற முடியும். 3.0.1 பதிப்பில் அதை வெளியே கொண்டுவந்தார்கள். இப்போது அமைப்புக் கோப்பில் அது ஒரு வரி. நாம் ஒன்றும் சொல்லாவிட்டால் அதே 2. தேவையானால் கூட்டலாம். ஒரே ஒரு தேடலுக்கு மட்டும் வேறு கெடு கொடுக்கவும் வழி உண்டு.

அப்படியானால் 60 என்று போட்டுவிடலாமே என்று கேட்கலாம். அதுவும் சரியில்லை. முடியாத செயல்களை எல்லாம் கருவி கையில் பிடித்துக்கொண்டே இருக்க வேண்டும். நினைவகம் செலவாகும், விடையும் தாமதமாகும். கெடு இல்லாத அலுவலகத்தில் எந்தக் கோப்பும் முடியாது என்பது நமக்குத் தெரியாததா? எவ்வளவு காத்திருக்கலாம் என்பது அந்த சர்வரின் சுமையை அறிந்தவருக்குத்தான் தெரியும். எனவே அந்த எண் அவர் கண்ணில் படும் இடத்தில், அவர் கைக்கு எட்டும்படி இருக்க வேண்டும். 2 என்ற எண்ணில் குற்றமில்லை. அதை யாரும் தொட முடியாமல் வைத்திருந்ததுதான் குறை.

இதில் ஒரு நல்ல சேதியும் உண்டு. கெடு என்பது தேடுபவருக்குத்தான், எழுதும் பதிவேட்டுக்கு அல்ல. பிந்தி வந்த வரியும் அதில் பத்திரமாக இருக்கும். கெடுவைக் கூட்டி மறுபடி தேடினால் பிரிந்த பாதிகள் சேர்ந்து வரும்.

உங்கள் பிள்ளைகளோ பேரன் பேத்திகளோ இந்த வேலையில் இருந்தால் இதைச் சொல்லிவையுங்கள். அறிக்கையில் பாதிச் செயல் மட்டும் தெரிந்தால், யார் மீதாவது சந்தேகப்படும் முன் அந்த ஓர் எண்ணைப் பார்க்கட்டும்.