பூட்டியவனுக்கும் திறக்காத கதவு

பத்திரிகைத் தொழிலில் முப்பது ஆண்டுகளைக் கழித்தவனிடம் இறுதியில் எஞ்சுவது பணமன்று. பிறர் நம்பிச் சொன்ன சொற்களே. அவற்றுள் அச்சேறியவை சில, அச்சேறாதவை பல. அச்சேறாதவற்றை வீட்டிலுள்ள பழைய கணினி ஒன்றில் பூட்டி வைத்திருந்தேன். 2022ஆம் ஆண்டு அந்தப் பூட்டு என்னையே வெளியில் நிறுத்திவிட்டது. இதேபோல் எதையேனும் பூட்டி வைத்திருக்கும் நண்பர்களுக்குப் பயன்படலாம் என்பதால் அந்த அனுபவத்தை இங்கு பதிகிறேன்.

யுத்தம் முடிந்து மூன்றாண்டுகளின் பின்னர், 2012இல், லினக்ஸ் இயங்குதளத்தில் நான்கு வன்தட்டுகளை இணைத்து அந்த ஏற்பாட்டைச் செய்து தந்தவன் என் தங்கையின் மகன். வன்னியிலும் யாழ்ப்பாணத்திலும் நான் ஒலிப்பதிவு செய்த செவ்விகள் அதில் இருந்தன. பெரும்பாலானவை காணாமற்போன பிள்ளைகளைத் தேடும் தாய்மாரின் குரல்கள். "என்ர பேரைப் போட்டுடாதை தம்பி" என்று சொல்லிவிட்டே பேசத் தொடங்கியவர்கள் அவர்கள். ஆகவே அனைத்தையும் மறைகுறியாக்கம் செய்தோம். வேறெங்கும் பிரதி வைக்கவில்லை. ஒரு பிரதி கூடினால் அந்தப் பெயர்கள் வெளியேறும் வழியும் ஒன்று கூடும் என்பதே அன்று என் எண்ணம்.

வன்தட்டு ஒன்று பழுதானாலும் தரவு அழியாது என்று மருமகன் விளக்கியிருந்தான். 1988இல் கலிபோர்னியாவின் பேர்க்லி பல்கலைக்கழக ஆய்வாளர் மூவர் 'ரெயிட்' என்று பெயரிட்டு விபரித்த முறை இது. மூன்று எண்களையும் அவற்றின் கூட்டுத்தொகையையும் நான்கு தாள்களில் எழுதி வைத்தால், ஒரு தாள் தொலைந்தாலும் மற்ற மூன்றைக் கொண்டு அதனைக் கணித்துவிடலாம். இரண்டு தாள்கள் தொலைந்தால் வழியில்லை. முதற்பாதியை மனத்தில் இருத்திய நான் இரண்டாம் பாதியை மறந்துபோனேன்.

2022 மார்ச் இறுதியில் நாளொன்றுக்குப் 13 மணிநேரம் வரை மின்வெட்டு இருந்ததை எவரும் மறந்திருக்கமாட்டார்கள். அப்படியொரு மின்வெட்டு முடிந்து கணினியை இயக்கியபோது வன்தட்டு அணி எழவில்லை. ஆராய்ந்தபோதுதான் ஒரு வன்தட்டு பல மாதங்களுக்கு முன்னரே செத்துப்போயிருந்தது தெரிந்தது. கணினி அதனை எச்சரித்துத் தன்னுள்ளேயே ஒரு மடலையும் போட்டு வைத்திருந்தது. செய்தி தேடி ஊரெல்லாம் அலைந்தவன், தன் வீட்டுக்குள் வந்த செய்தியை வாசிக்கவில்லை. இப்போது இரண்டாவது வன்தட்டும் விலகியிருந்தது.

கணினி திருத்தும் கடையொன்றில் காட்டினேன். அணியைப் புதிதாக உருவாக்கினால் சரிவரும் என்றார்கள். நல்லவேளையாக மருமகனைக் கேட்காமல் சம்மதிக்கவில்லை. "மாமா, ஒண்டையும் தொடாதேங்கோ. முதல்ல படி எடுப்பம்" என்றான். புதிதாக உருவாக்கும்போது வன்தட்டுகளின் வரிசையோ தொடக்க இடமோ பிசகினால், கணினி பழைய தரவின்மீதே புதிதாக எழுதத் தொடங்கிவிடும். அதன் பின்னர் மீட்க எதுவும் இராது.

டொலர் நெருக்கடிக் காலம். மூன்று புதிய வன்தட்டுகளில் ஒரு மாதச் சம்பளத்துக்கு மேல் கரைந்தது. 'டிடிரெஸ்கியூ' என்னும் கருவி நல்ல பகுதிகளை முதலில் வாசித்துவிட்டு, பழுதான இடங்களைக் குறித்து வைத்துக்கொண்டு, பின்னர் அவற்றிடம் மீண்டும் மீண்டும் சென்று பார்க்கும். விலகிய வன்தட்டைப் படியெடுக்க மின்வெட்டுகளுக்கிடையில் ஆறு நாட்கள் பிடித்தன. மின்சாரம் நின்ற இடத்திலிருந்து அது தொடரும் என்பதே ஆறுதல். முடிவில் மிகச் சில துணுக்குகளைத் தவிர அனைத்தும் வந்துவிட்டன. மற்ற இரண்டையும் அவ்வாறே படியெடுத்து, மூலங்களை ஒதுக்கி வைத்து, படிகளைக் கொண்டு அணியைக் கட்டாயமாக எழுப்பினோம். எழுதும் வசதியை நிறுத்தி, வாசிக்க மாத்திரம்.

அணி எழுந்தது. பத்தாண்டுகளாக விரல்கள் அறிந்த கடவுச்சொல்லைத் தட்டினேன். இந்தக் கடவுச்சொல்லுக்குரிய திறவுகோல் இல்லை என்று பதில் வந்தது. மீண்டும் தட்டினேன், அதே பதில்.

அப்போதுதான் மருமகன் விளக்கினான். நாம் தட்டும் கடவுச்சொல் தரவைத் திறப்பதில்லை. உண்மையான திறவுகோல் வேறு. அது வன்தட்டின் முகப்பில் ஒரு சிறு பெட்டகத்தில் இருக்கிறது. கடவுச்சொல் திறப்பது அந்தப் பெட்டகத்தை மாத்திரமே. நாங்கள் பயன்படுத்திய 'லக்ஸ்' முறையில் அந்தத் திறவுகோலை 4000 மடங்காகப் பெருக்கிப் பரப்பி வைக்கிறார்கள். வேண்டாத திறவுகோல் ஒன்றை அழிக்கும்போது, பரப்பியதில் சிறிது அழிந்தாலே முழுவதும் மீளாமற்போக வேண்டும் என்பதற்கான ஏற்பாடு இது. எங்கள் வன்தட்டில் வாசிக்க முடியாமற்போன துணுக்குகளிற் சில சரியாக அந்த இடத்தில் விழுந்திருந்தன. கடவுச்சொல் சரி, பெட்டகம் உடைந்துவிட்டது.

"மாமா, எட்டுப் பெட்டகம் வைக்கலாம். அண்டைக்கு ரெண்டு வச்சனாங்கள். மற்றக் கடவுச்சொல் எங்கை?"

எனக்கு நினைவில்லை. மனைவிக்கு இருந்தது. 2012இல் ஒரு கடித உறையை ஒட்டி அவர் கையில் கொடுத்து, "எனக்கு ஏதும் நடந்தால் இதைத் திறவும்" என்று சொல்லியிருந்தேன். பத்திரிகையாளன் வீட்டில் அக்காலத்தில் அது சாதாரணப் பேச்சு. அவர் அதனைக் கூறைச்சேலையின் மடிப்புக்குள் வைத்திருந்தார். என் மரணத்துக்காக எழுதி வைத்ததை நான் உயிரோடிருந்து பிரித்தேன். கதவு திறந்தது.

முதலில் ஒரு முல்லைத்தீவுத் தாயின் செவ்வியைத் தேடினேன். 2019இல் அவர் காலமாகிவிட்டார். மகனைப் பற்றி அவர் பேசிய குரல் வேறெங்கும் இல்லை. ஓரிடத்தில் சிறிது இரைச்சல். மற்றப்படி முழுவதும் இருந்தது. கேட்டு முடிக்கும்வரை நாங்கள் மூவரும் பேசவில்லை.

1981இல் யாழ் நூலகமும் 'ஈழநாடு' அலுவலகமும் எரிந்தபோது நான் பள்ளிச் சிறுவன். பிரதியில்லாத ஏடு எரிந்தால் என்னவாகும் என்பதை அறிந்த ஊரிற் பிறந்தவன், பிரதியில்லாமலே பத்தாண்டுகள் இருந்திருக்கிறேன். பிறர் கண்ணுக்கு அஞ்சிய அளவுக்கு இழப்புக்கு அஞ்சவில்லை. அந்தத் தாய்மார் தம் பெயரை மறைக்கச் சொன்னார்களேயன்றி, தம் குரலை அழிக்கச் சொல்லவில்லை.

இப்போது பூட்டிய பிரதி இன்னொரு வீட்டிலும் உண்டு. இரண்டு மெகாபைட் அளவேயான பெட்டகப் பகுதியையும் தனியே படியெடுத்து வைத்திருக்கிறோம். கடவுச்சொல்லை மாற்றுபவர்கள் அந்தப் பழைய படியையும் அழித்துவிட வேண்டும்; பழைய கடவுச்சொல் அதனைத் தொடர்ந்து திறக்கும். எச்சரிக்கை மடல்கள் என் கைத்தொலைபேசிக்கு வருகின்றன. வாசிக்கிறேன்.

புதிய உறையை மனைவியிடம் கொடுத்தேன்.

"இதையும் கூறைக்குள்ளதானே வைக்கிறது?" என்று கேட்டார்.

"ஓம். இன்னொண்டு தங்கச்சி வீட்டிலை இருக்கட்டும்" என்றேன்.