ஆரஞ்சுக் கொடி பறக்கும் படகில்

பாங்காக்கில் கல்யாணம் என்று பத்திரிகை வந்தால் மண்டபம் பெரும்பாலும் சாவோ ப்ரயா ஆற்றங்கரை ஹோட்டலாகத்தான் இருக்கும். மெஹந்திக்கும் சங்கீத்துக்கும் நடுவே ஒரு காலைப் பொழுது கிடைக்கும். முகூர்த்தம் முடிந்தால் வரவேற்பு வரை ஒரு மத்தியானம். அந்த நேரத்தில் டாக்சி பிடித்தால் பாதிப் பொழுது சிக்னலிலேயே போய்விடும். 1782இல் இந்த ஊர் தலைநகரானபோது ஆறுதான் ராஜபாட்டை. அரண்மனை, கோயில், சந்தை எல்லாம் அதை ஒட்டியே எழுந்தன. ஆகவே ஊர் பார்க்க ஆற்றிலேயே போவதுதான் புத்திசாலித்தனம்.

அதற்கென்றே ஆரஞ்சுக் கொடி கட்டிய படகு ஒன்று ஓடுகிறது. தெற்கே வாட் ராஜசிங்கோன் துறையில் கிளம்பி, வடக்கே நொந்தபுரி வரை போகிறது. உள்ளூர்க்காரர்கள் ஆபீசுக்குப் போகும் படகுதான். எங்கே ஏறி எங்கே இறங்கினாலும் ஒரே கட்டணம், இருபது பாட்டுக்குள். கண்டக்டர் நீளமான தகரக் குழாயில் சில்லறையைக் குலுக்கிக்கொண்டே வருவார். அந்தச் சத்தம்தான் டிக்கெட் கேட்கிற குரல். துறை நெருங்கும்போது பின்பக்கம் நிற்கிற ஆள் விசில் ஊதுவார். ஓட்டுநர் அந்த விசிலைக் கேட்டே படகைத் துறையோடு அணைப்பார். கயிற்றை ஒரு சுற்றுச் சுற்றி அரை நிமிடம் நிறுத்துவார்கள், அவ்வளவுதான். பட்டுப்புடவைக்காரர்கள் முன்கூட்டியே வாசலுக்கு வந்துவிட வேண்டும். பிக்குகளுக்கென்று தனியிடம் உண்டு. பெண்கள் அவர்கள்மேல் படாமல் விலகி நிற்பது அங்கே மரியாதை.

விருந்தாளிகள் ஏறுவதற்கு வசதியான துறை சாத்தோன். பறக்கும் ரயில் அதன் தலைக்கு மேலேயே நிற்கிறது. ரயிலில் ஒரு ஸ்டேஷன் போய்க் கொஞ்சம் நடந்தால் சீலோம் சாலையை ஒட்டி மாரியம்மன் கோயில். 19ஆம் நூற்றாண்டில் இங்கே குடியேறிய தமிழர்கள் எழுப்பியது. இன்று தாய்லாந்துக்காரர்களே தட்டில் தேங்காய், பூவோடு வரிசையில் நிற்கிறார்கள். புதுமணத் தம்பதியை அழைத்துப் போக நல்ல இடம்.

படகு வடக்கே திரும்பியதும் வலக்கரையில் ஓரியண்டல் ஹோட்டல், சற்றுத் தள்ளி எதிர்க்கரையில் 2018இல் திறந்த ஐகான்சியாம் மால். மால் நம்மூரிலும் இருக்கிறது, தாண்டிப் போகலாம்.

ராச்சவோங்கில் இறங்கினால் சைனா டவுன். அங்கே சம்பெங் என்று இருவர் ஒதுங்கி நடக்க முடியாத சந்து. ரிப்பன், ஹேர் கிளிப், கவரிங் நகை, தாம்பூலப் பைக்கு ஆகிற சின்னச் சின்ன சாமான் எல்லாம் மொத்த விலையில். ஒன்று கேட்டால் ஒரு விலை, டஜன் கேட்டால் வேறு விலை. சந்தின் மேற்கு முனை பாஹுரத்தில் போய் முடிகிறது. சீக்கியத் துணிக்கடைகள், தங்கக் கும்மட்டத்தோடு குருத்வாரா, சமோசா, ஜரிகை பார்டர். மறந்து வந்த உள்பாவாடைக்கும் இங்கே வழி உண்டு.

அடுத்தது பாலத்தடித் துறை, அதன் பக்கத்திலேயே பாக் க்ளோங் தலாத் பூச்சந்தை. இருபத்துநாலு மணி நேரமும் திறந்திருந்தாலும் நள்ளிரவுக்கு மேல்தான் களைகட்டும். மாலை தொடுப்பதைக் கொஞ்சம் நின்று பாருங்கள். நாரில் கட்டுவதில்லை, மல்லிகை மொட்டுகளை நீள ஊசியில் வட்ட வட்டமாக அடுக்கிக் கோக்கிறார்கள். நாம் பிள்ளையாருக்குச் சாத்துகிற எருக்கம்பூ இங்கே கல்யாண மாலையிலேயே சேரும்.

தா தியன் துறையில் வாட் போ. 46 மீட்டர் நீளத்துக்குப் புத்தர் படுத்திருக்கிறார். உள்ளங்காலில் 108 மங்கலச் சின்னங்கள், முத்துச்சிப்பி பதித்தவை. கோயிலுக்குள்ளேயே மசாஜ் பள்ளிக்கூடம். இரவெல்லாம் ஆடிய கால்களுக்கு இதைவிடப் பொருத்தமான இடம் இல்லை. எதிர்க்கரை வாட் அருணுக்குச் சில பாட் கொடுத்தால் அக்கரைப் படகு. அதன் கோபுரமெங்கும் சீனப் பீங்கான் துண்டுகளால் ஆன பூக்கள்.

தா சாங்கில் அரண்மனை. தோளும் முழங்காலும் மூடியிருக்க வேண்டும், கட்டணம் வெளிநாட்டவருக்கு 500 பாட், மாலை 3.30 மணியோடு நுழைவு முடிகிறது. ‘இன்று அரண்மனை மூடியிருக்கிறது, வேறு கோயில் காட்டுகிறேன்’ என்று வாசலில் யாராவது சொன்னால் காதில் வாங்காமல் நடந்துகொண்டே இருங்கள். உள்ளே மரகத புத்தரைக் கும்பிட்டுவிட்டுக் கூட்டத்தோடு வெளியேறிவிடுகிறவர்கள்தான் அதிகம். சுற்றுப் பிராகாரச் சுவரைப் பார்க்காமல் வராதீர்கள். 178 ஓவியங்களில் தாய்லாந்து ராமாயணமான ராமகியென் முழுவதும் அங்கே இருக்கிறது. ஜனகர் உழுத நிலத்தில் சீதையைக் கண்டெடுப்பதில் தொடங்குகிறது. இந்தக் கதையின் அனுமன் பிரம்மசாரி அல்ல. சேதுவுக்குப் போட்ட கல்லைத் திருட வந்த தங்க மீன்கன்னியை, ராவணன் மகளையே, காதலித்துப் பிள்ளையும் பெற்றவர். கல்யாணத்துக்கு வந்த கூட்டத்துக்குச் சொல்ல நல்ல கதை.

இங்கிருந்து கிழக்கே ஆட்டோ தூரத்தில் சிவப்பு நிறத்தில் ராட்சத ஊஞ்சல் சட்டம், அருகே 1784இல் கட்டிய பிராமணர் கோயில். திருவெம்பாவையிலிருந்து வந்த பாடல்களை அரண்மனைப் புரோகிதர்கள் ஆண்டுதோறும் ஓதும் இடம். ஊஞ்சலாட்டம் 1935இல் நின்றுவிட்டது; ஓதுவது நிற்கவில்லை.

அப்புறம் வாங் லாங்: 1888இல் தொடங்கிய சிரிராஜ் ஆஸ்பத்திரியும் அதன் பக்கத்துத் தின்பண்டச் சந்தும். மீன் சாஸ் விழாத பண்டம் குறைவு. சைவக்காரர்கள் பழத்தோடு நிறுத்திக்கொள்வது நல்லது. ராமா எட்டு பாலம் கடந்ததும் சுற்றுலாக் கூட்டம் இறங்கிவிடும். தேவெட், பாங் போ என்று துறைகள் வேகமாகக் கழியும். கடைசியில் நொந்தபுரி: மணிக்கூண்டு, பெரிய காய்கறிச் சந்தை, பருவத்தில் பேர்போன டுரியன். டுரியனை அங்கேயே தின்றுவிடுங்கள், ஹோட்டலுக்குள் விடமாட்டார்கள்.

இரண்டு மணி நேரம்தான் என்றால் பூச்சந்தையும் பாஹுரத்தும் போதும். அரை நாள் இருந்தால் காலையில் அரண்மனை, பிறகு வாட் போ. முழு நாளும் சும்மா இருந்தால் மட்டும் நொந்தபுரி. ஒன்று நினைவிருக்கட்டும்: மாலை ஆறேழு மணிக்குள் ஆரஞ்சுக் கொடிப் படகு நின்றுவிடும். வரவேற்பில் போட்டோவுக்கு நிற்க வேண்டியவர்கள் நாலரைக்கே திரும்பி ஏறிவிடுங்கள்.