கையெழுத்துக்கு முன்

சிங்கப்பூரின் யீஷூனில் ஒரு வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) புளோக்கின் கீழ்த்தளம். காப்பிக்கடையை ஒட்டினாற்போலப் பல் மருந்தகம். கண்ணாடிக் கதவில் சாஸ் எனும் அரசாங்க மருத்துவ மானியத் திட்டத்தின் ஒட்டுவில்லை. 2019, ஒரு சனிக்கிழமைக் காலை. மூலை நாற்காலியில் என் எண்ணுக்காகக் காத்திருந்தேன்.

உள்ளறையிலிருந்து பெரியவர் வந்தார். எண்பதைத் தொட்டிருப்பார். புதுப் பல்செட் உதட்டை முன்னே தள்ளியிருந்தது. அதை மறைக்கக் கைக்குட்டையை வாயருகே பிடித்திருந்தார். பின்னாலேயே பேத்தி, அவருடைய குடையோடு.

முகப்பில் இருந்த பெண் மலாயில் ஏதோ கேட்டாள். அவரும் மலாயிலேயே பதில் சொன்னார். பல் புதிது என்பதால் சொற்கள் காற்றோடு வந்தன. பிளாஸ்டிக் உறையிலிருந்து அட்டையை எடுத்து, இரண்டு கைகளாலும் நீட்டினார். முன்னோடித் தலைமுறை அட்டை. 1949 முடிவதற்குள் பிறந்து, 1986 முடிவதற்குள் குடியுரிமை பெற்றவர்களுக்காக 2014இல் வந்த திட்டம் அது. ஏறத்தாழ 450,000 பேர். துறைமுகத்திலும் சாலையிலும் கட்டுமானத்திலும் உழைத்த தலைமுறை. வருமானம் என்ன என்று அவர்களிடம் கேட்பதில்லை. கேட்காததுதான் அந்த அட்டையின் மரியாதை என்று எனக்கு எப்போதும் தோன்றும்.

ரசீது அச்சாகி வந்தது. பேத்தி வாசித்தாள்.

"தாத்தா, மேல் செட்டு 450, கீழ் செட்டு 450. மொத்தம் 900 வெள்ளி. கவர்மெண்டு ஒரு செட்டுக்கு 266.50 கொடுக்குது. ரெண்டுக்கும் 533. நாம கட்டவேண்டியது 367."

"அந்த 533 எங்க?"

"நம்ம கைக்கு வராது தாத்தா. கிளினிக்குக்கு நேரா போயிரும்."

"யாரு பேர்ல போவுது?"

"உங்க பேர்லதான்."

பெரியவர் கைக்குட்டையைச் சட்டைப் பையில் வைத்தார். வாயை மறைப்பதை அந்த நிமிடத்தோடு விட்டுவிட்டார். ரசீதை வாங்கி மேசைமேல் விரித்து, விரலை முதல் வரியில் வைத்தார்.

செய்யாத சிகிச்சைக்குப் பணம் கேட்ட சில மருந்தகங்களைச் சுகாதார அமைச்சு சாஸ் திட்டத்திலிருந்து விலக்கிவைத்த செய்திகள் அந்த ஆண்டுகளில் வந்துகொண்டிருந்தன. பொய்க் கணக்கு அரசாங்கப் பணத்தோடு நிற்பதில்லை. இன்ன சிகிச்சைக்கு இத்தனை முறை என்று வரம்பு உண்டு. நடக்காத ஒன்றை ஒருவர் பெயரில் எழுதிவிட்டால், உண்மையில் தேவைப்படும் நாளில் அவருக்கு இடமிருக்காது. இந்த மருந்தகத்தை அவர் சந்தேகித்ததாகத் தெரியவில்லை. தன் பெயரில் எழுதியிருப்பது என்னவென்று தெரிந்துகொள்ள நினைத்தார், அவ்வளவுதான்.

வரிசையில் ஒருவர் கடிகாரத்தைப் பார்த்தார். பேத்தி, "தாத்தா, ஆளுங்க நிக்கிறாங்க," என்று மெல்லச் சொன்னாள். முகப்புப் பெண் அவசரப்படுத்தவில்லை. நாற்காலியைவிட்டு எழுந்து அவர் பக்கமாகச் சுற்றி வந்தாள். ரசீதின் மேல் வரியைக் காட்டி, தன் மேல்தாடையைத் தொட்டுக் காட்டினாள். 'அத்தாஸ்' என்றாள். பெரியவர் ஆள்காட்டி விரலை வாய்க்குள் விட்டு மேல்வரிசையை ஒரு கோடியிலிருந்து மறு கோடிவரை தடவினார். தலையசைத்தார். அடுத்த வரி. 'பாவா' என்றாள். கீழ்வரிசையையும் அப்படியே தடவிப் பார்த்தார்.

பிறகு இடுப்புப் பையைத் திறந்தார். ஐம்பதுகளும் பத்துகளும் சில்லறை நோட்டுகளும் ரப்பர் வளையத்துக்குள் இருந்தன. 367 வெள்ளியையும் தானே எண்ணி வைத்தார். பேத்தி நீட்டிய வங்கி அட்டையை, பார்க்காமலே ஒதுக்கினார்.

சிகிச்சைப் படிவத்தையும் பேனாவையும் அந்தப் பெண் நகர்த்தினாள். அவர் மூக்குக்கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு, தமிழில், ஒவ்வோர் எழுத்தாகத் தன் பெயரை எழுதினார். கடைசி எழுத்தின் புள்ளியை வைத்துவிட்டு ஒருமுறை தள்ளிப் பிடித்துப் பார்த்தார். புள்ளி மங்கலாக விழுந்திருந்தது போலும். மறுபடியும் அழுத்தி வைத்தார்.