தங்கக் கரை போட்ட தட்டு

அழகான பாத்திரத்தைப் பார்த்து வாங்க எனக்குத் தெரியும். பேணத் தெரியாது. பேணாமல் கெடுத்த பழியை அடுத்தவர் தலையில் போட மட்டும் நன்றாகத் தெரியும்.

பிளவக்கல் அணைகளுக்குக் கீழே, வத்திராயிருப்புப் பக்கம் எங்கள் வீடு. ஐப்பசி, கார்த்திகையில் பெரியாறு அணையும் கோவிலாறு அணையும் நிறைந்தால் ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து தெரிந்தவர்கள் தண்ணீர் பார்க்க வருவார்கள். மதியச் சாப்பாடு எங்கள் வீட்டில். அவர்கள் அணையைப் பார்க்க வருகிறார்கள், நான் என் சாப்பாட்டு மேசையைக் காட்டக் காத்திருப்பேன். நடுவில் பித்தளை உருளியில் தண்ணீர் விட்டு நந்தியாவட்டையும் செவ்வந்தியும் மிதக்கும். பக்கத்தில் வெண்கலச் செம்பு. ஆளுக்கொரு போன் சைனா தட்டு, விளிம்பில் தங்கக் கரை.

அந்தத் தட்டின் வெண்மையைச் சைவ நண்பர் ஒருவர் வெகுநேரம் மெச்சினார். எரித்த மாட்டெலும்பின் சாம்பலைக் களிமண்ணில் கலந்து செய்வது அது. பதினெட்டாம் நூற்றாண்டின் கடைசியில் இங்கிலாந்துக்காரர்கள் கைவரப்பெற்ற வித்தை. எனக்குத் தெரியும், சொல்லவில்லை. பாராட்டு கெட்டுவிடுமே.

உருளிக்குப் புளி போட்டுத் தேய்ப்பது, செம்பில் பச்சை பிடிக்காமல் ஈரம் போகத் துடைத்து வைப்பது, எல்லாம் வீட்டு வேலைக்கு வரும் அக்காதான். என் பங்கு, துடைத்து வைத்ததை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துத் திட்டு இருக்கிறதா என்று தேடுவது. அதை ரசனை என்று சொல்லிக்கொண்டேன்.

கொஞ்ச நாளில் தட்டுகளின் தங்கக் கரை அங்கங்கே அழிந்தது. ஒரு தட்டில் கரையோரம் கருகின புள்ளிகள். அக்காவைக் கூப்பிட்டுக் கேட்டேன்.

"நீங்க வாங்கியாந்த பச்சை நாரை வச்சுத்தான்யா தேய்க்கிறேன்" என்றார்.

எதிர்த்துப் பேசுகிறார் என்று எனக்குக் கோபம். பொங்கலுக்குக் கொடுக்கும் பணத்தில் தட்டுக்கென்று ஒரு தொகையைப் பிடித்துக்கொண்டேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை. மீதியை எண்ணிப் பார்க்காமலே முந்தானையில் முடிந்துகொண்டு போனார்.

அவர் சொன்னது சரி. தட்டின் மேல் இருக்கும் கண்ணாடிப் பூச்சை ஆயிரம் டிகிரிக்கும் மேல் சுட்டு எடுத்த பிறகுதான் தங்கக் கரையைத் தீட்டுவார்கள். அதைவிடக் குறைந்த சூட்டில் இன்னொரு தடவை சுடுவார்கள். ஆகவே தங்கம் பூச்சுக்கு மேலே வெறுமனே கிடக்கிறது, அதுவும் தலைமுடியின் தடிமனில் நூறில் ஒரு பங்குகூடத் தேறாத அளவில். மெல்லிய துணியும் சோப்புத் தண்ணீரும் போதும் அதற்கு. முரட்டு நாரை வாங்கி வந்து கொடுத்தவன் நான்.

இதெல்லாம் பிறகு படித்துத் தெரிந்துகொண்டது என்று தப்பித்துவிடலாம். கருகின புள்ளிகளுக்கு அந்தச் சாக்கும் கிடையாது. ராத்திரி மிச்சமான கூட்டை அதே தட்டில் வைத்து மைக்ரோவேவில் சுடவைத்தது நான். படபடவென்று பொறி பறந்தது. நிறுத்தினேன், கதவைத் திறந்து பார்த்தேன், திரும்ப ஓடவிட்டேன். கூட்டு ஆறியிருந்ததே! பணத்தைப் பிடித்த அன்று அந்தப் பொறி என் நினைவில் இருந்தது.

இது முதல் தடவையும் இல்லை. அம்மாவின் ஈயச் செம்பை ரசம் ஊற்றுவதற்கு முன்பே அடுப்பில் வைத்துவிட்டு வாசலுக்குப் போனவன் நான். அந்தச் செம்பு வெள்ளீயம், 232 டிகிரியில் உருகிவிடும். உள்ளே ரசம் இருக்கும்வரைதான் அது பாத்திரம். திரும்பி வந்தபோது பர்னர்மேல் வெள்ளியாய் வழிந்து கிடந்தது. செம்பில் கலப்படம் என்று மனைவியிடம் சொன்னேன். அம்மா அதில் எத்தனையோ வருஷம் ரசம் வைத்தவர்.

பிடித்த பணத்தை இன்னும் திருப்பிக் கொடுக்கவில்லை. கொடுத்தால் காரணம் சொல்ல வேண்டும்.

இந்தத் தடவை அணை நிறைந்து ஆட்கள் வந்தபோது வாழையிலை போட்டேன். பழைய வழக்கத்தை விடாத வீடு என்று புகழ்ந்தார்கள். கரை போன தட்டை வெளியே எடுக்க வெட்கம், அவ்வளவுதான். சாப்பிட்டு முடித்ததும் அக்கா இலைகளைச் சுருட்டி மாட்டுக்குப் போட்டுவிட்டு வெகு சீக்கிரம் கிளம்பினார். தேய்க்கிற வேலைதான் குறைந்துவிட்டதே, சம்பளத்தில் கொஞ்சம் குறைத்தால் என்ன என்று அப்போது ஒரு கணக்கு எனக்குள் ஓடியது.