கட்டுத்தரைப் புல்லட்

அம்மாயி வீட்டில் கடைசி எருமையை விற்ற வருசம், காலியான கட்டுத்தரையில் மாமா புல்லட்டைக் கொண்டுவந்து நிறுத்தினார். நிறுத்தினார் என்பதே ஒரு மரியாதைக்குச் சொல்வதுதான். டெம்போவிலிருந்து இறங்கியவை ஒரு சேஸிஸ், இரண்டு சக்கரம், ஒரு பெட்ரோல் டாங்கி, மிச்ச வண்டி கட்டிய சாக்கு மூட்டைகள். வெலிங்டன் பக்கம் மிலிட்டரி ஏலத்தில் யாரோ எடுத்து, ஆசையாகப் பிரித்துப் போட்டு, திரும்பப் பூட்டத் தெரியாமல் கைவிட்ட வண்டி அது.

“இரும்பு வெலைதானுங் அம்மா” என்றார் மாமா.

“எருமையா இருந்தாப் பாலாச்சும் கறக்கும்” என்றது அம்மாயி.

எண்பதுகளின் தொடக்கம். முழுப்பரீட்சை லீவு விட்டதும் என்னையும் பெரியம்மா பையனையும் பீளமேட்டில் கொண்டுவந்து விட்டுவிடுவார்கள். மாமாவுக்கு அப்போது கல்யாணம் ஆகவில்லை. பம்புசெட் செய்யும் கம்பெனியில் டர்னர். ஷிஃப்ட் முழுக்க ஒரே அளவு ஷாஃப்டை ஒன்றன்பின் ஒன்றாகக் கடைசல் பிடித்துவிட்டு, சாயங்காலம் வீட்டுக்கு வந்து டீயைக் குடித்த கையோடு கட்டுத்தரைக்குப் போய்விடுவார். நாள் முழுக்க இரும்போடு இருந்துவிட்டு வந்தவர் மறுபடியும் இரும்பிடமே போகிறாரே என்று அம்மாயிக்குக் கவலை. எனக்கு இப்போது தோன்றுகிறது: கம்பெனியில் அவர் கடைந்த ஷாஃப்ட் எந்தத் தோட்டத்துக் கிணற்றில் போய் இறங்கியது என்று அவருக்குத் தெரியாது. இங்கே ஒரு போல்ட்டை முடுக்கினால் அது எதைப் பிடித்துக்கொண்டிருக்கிறது என்று கண்ணால் பார்க்கலாம்.

கோயமுத்தூரில் இதற்கெல்லாம் ஒரு முன்னோடி இருந்தார். ஜி.டி. நாயுடு கதை சொல்லாத வீடு அந்தக் காலத்தில் எங்கள் பக்கம் கிடையாது. கலங்கல் கிராமத்துப் பையன், வெள்ளைக்கார அதிகாரி ஒருவர் ஓட்டிவந்த ரட்ஜ் மோட்டார் சைக்கிளைப் பார்த்துக் கிறங்கிப்போய், ஊரைவிட்டு வந்து ஓட்டலில் வேலை செய்து காசு சேர்த்து, அதே வண்டியை விலைக்கு வாங்கி, பிரித்துப் பூட்டித் தொழில் படித்த கதை. மாமா இதை அம்மாயியிடம் வக்கீல் மாதிரி எடுத்து வைப்பார்.

“நாயுடு பிரிச்சாரு, பூட்டுனாரு, 1920ல பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் பஸ் உட்டாரு. நீ எந்தூருக்கு உடப்போற?” என்று அம்மாயி கேட்டதோடு வழக்கு தள்ளுபடி.

எங்கள் முதல் வேலை மூட்டையைக் கொட்டிப் பிரிப்பது. போல்ட் ஒரு பக்கம், நட் ஒரு பக்கம், வாஷர் ஹார்லிக்ஸ் பாட்டிலில், என்னவென்று தெரியாதது பிஸ்கட் டின்னில். எல்லாம் கறுப்புப் பிசின் ஏறிக் கிடக்கும். மண்ணெண்ணெய்த் தட்டில் ஊறவைத்து, பழைய பல் விளக்கும் பிரஷ்ஷால் தேய்த்து, திருப்பூரிலிருந்து மூட்டையாக வரும் பனியன் வேஸ்டில் துடைக்க வேண்டும். வண்டி இங்கிலாந்துக் கணக்கில் பிறந்தது. அதன் மரையும் நட்டின் தலையும் அங்குலக் கணக்கு. புதிதாகக் கடையில் வாங்கிய மில்லிமீட்டர் ஸ்பேனரை வைத்தால் பிடித்த மாதிரி இருந்து சறுக்கி, நட்டின் மூலையைத் தின்றுவிடும். இதற்காகவே மாமா உக்கடத்துப் பழைய இரும்புக் கடைகளில் விட்வொர்த் ஸ்பேனர்களாகத் தேடிப் பொறுக்கி வைத்திருந்தார். அந்தப் பெட்டியை மட்டும் நாங்கள் தொடக் கூடாது.

புல்லட்டின் பூர்வீகத்தை மாமா வேலை செய்துகொண்டே சொல்வார். இங்கிலாந்தில் ரெட்டிச் என்ற ஊரில் ராயல் என்ஃபீல்ட் கம்பெனி. எல்லையில் ரோந்து போக நம் ராணுவம் இந்த 350 சிசி வண்டியைத் தேர்ந்தெடுத்தது. அதன் பிறகு 1955இல் மெட்ராஸ் மோட்டார்ஸோடு கூட்டு, திருவொற்றியூரில் ஆலை. முதலில் கப்பலில் வந்த பாகங்களைப் பூட்டிக்கொண்டிருந்தவர்கள் போகப்போக முழு வண்டியையும் இங்கேயே செய்யப் பழகினார்கள். 1967இல் ரெட்டிச் ஆலையை மூடினார்கள். 1970இல் இங்கிலாந்தில் அந்தப் பெயரில் வண்டி செய்வதே நின்றுபோனது. திருவொற்றியூரில் நிற்கவில்லை. 70 மில்லிமீட்டர் போர், 90 மில்லிமீட்டர் ஸ்ட்ரோக், வலது காலில் கியர், இடது காலில் பிரேக் என்று அதே வண்டி பெரிய மாற்றம் இல்லாமல் வந்துகொண்டே இருந்தது. பழைய மாடலையே கட்டிக்கொண்டு அழுகிறார்கள் என்று அப்போது கேலி செய்தவர்கள் உண்டு. ஆனால் எங்கள் கட்டுத்தரையில் நடந்த காரியத்துக்கு அந்தப் பிடிவாதம்தான் ஆதாரம். இருபது வருசப் பழைய என்ஜினுக்குப் புது பாகம் சாதாரணக் கடையில் கிடைத்தது.

டாங்கிக்குள் துரு செதில் செதிலாக இருந்தது. விட்டால் கார்புரேட்டரை அடைத்துவிடும். மாமா ஒரு கைப்பிடி கழுவிய ஜல்லியை உள்ளே போட்டார், மண்ணெண்ணெய் ஊற்றினார், வாயைச் சைக்கிள் டியூப் வைத்துக் கட்டினார். குலுக்க வேண்டியது எங்கள் பொறுப்பு. கொஞ்ச நேரத்தில் கை விட்டுப்போனது. அம்மாயியின் பழைய சேலையை விட்டத்தில் கட்டித் தொட்டிலாக்கி அதில் டாங்கியைப் போட்டு ஆட்டலாம் என்று யோசனை சொன்னது பெரியம்மா பையன். மத்தியானம் முழுக்க ஆளுக்கு ஒரு பக்கம் நின்று ஆட்டினோம், ஜல்லி உள்ளே கடகடவென்று உருண்டது. பக்கத்து வீட்டு அக்கா மதிலுக்கு மேலே எட்டிப் பார்த்து, “யாருக்குங் கொழந்தை?” என்று கேட்டார். அம்மாயி பதில் சொல்லவில்லை. மாமாவுக்குப் பெண் பார்த்துக்கொண்டிருந்த நேரம் அது.

என்ஜினைத் திறந்த நாள் நன்றாக ஞாபகம் இருக்கிறது. டைமிங் கவரைக் கழற்றினால் கிராங்க் முனையில் ஒரு வார்ம் நட் இருக்கும். ஆயில் பம்பை ஓட்டுவது அதுதான். நட்டின் மேல் சுற்றிலும் உளிக்காயம். முன்னால் வைத்திருந்தவர் கழற்றப் பார்த்து, அது அசையாமல், உளியை வைத்துச் சுத்தியால் அடித்திருக்கிறார். மாமா அதைப் பார்த்துவிட்டு வெகுநேரம் தலையை ஆட்டிக்கொண்டே இருந்தார்.

“இது எடது மரை அம்மணி. எஞ்சின் சுத்தச் சுத்தத் தன்னால எறுகட்டும்னு அப்படி வெச்சிருக்கறான். அந்தாளு கழட்டறதா நெனச்சு முடுக்கியிருக்கறாரு.”

பிறகு ஸ்பேனரை என் கையில் கொடுத்து, எந்தப் பக்கம் என்று நானே யோசித்துத் திருகச் சொன்னார். அவர் கை பின்னால் இருந்து அழுத்தியது என்பது வேறு விசயம்.

டாப்பெட் சரிசெய்வதில் எனக்கென்றே ஓர் இடம் கிடைத்தது. சிலிண்டருக்குக் கீழே வலது பக்கத்தில் ஒரு சின்ன மூடி. திறந்தால் இரண்டு புஷ்ராடுகளின் அடிப்பாகம் தெரியும். ஒரு ஸ்பேனரால் அடியைப் பிடித்து, இன்னொன்றால் திருகி, மூன்றாவதால் லாக் நட்டை இறுக்க வேண்டும். மூன்றுக்கும் அந்தப் பொந்துக்குள் இடம் பற்றாது. என்ஜின் ஆறியிருக்கும்போது, பிஸ்டன் கம்ப்ரஷனில் உச்சியில் நிற்கும்போது, புஷ்ராடை இரண்டு விரலால் உருட்டினால் உருள வேண்டும். மேலும் கீழும் ஆட்டிப் பார்த்தால் ஆட்டம் இருக்கக் கூடாது. கேஜ் எதுவும் கிடையாது, விரல்தான் அளவு. மாமாவின் விரல்கள் தடிமன். மெல்லிய விரலாக இருந்ததால் என்னை உட்கார வைத்தார்கள். எண்ணெய்ப் பசையோடு ஒரு கம்பி சுற்றும்போது எங்கே இலகு முடிந்து பிடிப்பு தொடங்குகிறது என்பதை அன்றைக்குத் தெரிந்துகொண்டேன். பெரியம்மா பையனுக்கு அதில் பொறாமை. அவனுக்கு சிகரெட் தாள் வேலை கொடுத்தார்கள். பிளக் துளை வழியாகக் கோடு கிழித்த சைக்கிள் கம்பியை விட்டு, பிஸ்டன் உச்சிக்கு வர ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவாக இருக்கும் இடத்தில் மாமா என்ஜினை நிறுத்துவார். சி.பி. பாயிண்ட்டின் நடுவே சொருகிய சிகரெட் தாளை அவன் லேசாக இழுத்துக்கொண்டே இருக்க வேண்டும். தாள் எந்த நொடியில் நழுவுகிறதோ அப்போதுதான் பாயிண்ட் திறக்கிறது, பொறி விழுகிறது.

ஞாயிற்றுக்கிழமைகளில் மாமாவின் கூட்டாளி ஒருவர் ஜாவாவில் வருவார். மைசூரில் செய்த வண்டி. உதைத்து ஸ்டார்ட் செய்யும் கிக்கரையே உள்ளே அழுத்தி முன்னால் மடக்கினால் அதுவே கியர் லீவராக மாறிவிடும். அந்த வித்தையை எங்களுக்காகத் திரும்பத் திரும்பச் செய்து காட்டுவார். அவர் ஆல்டர் கட்சி. பின் மட்கார்டைப் பாதியில் வெட்டி, நீளக் கைப்பிடி வைத்து, சைலன்சரை மேலே தூக்கி, சீட்டைச் சரித்து வைத்தால்தான் நாலு பேர் திரும்பிப் பார்ப்பார்கள் என்பது அவர் கொள்கை. “மிலிட்டரி வண்டியவே திருப்பிச் செஞ்சு என்ன பண்ணப்போறீங்க, நீங்களென்ன சிப்பாயா?” என்பார். உக்கடத்துக் கடைக்காரர் நேர் எதிர்க் கட்சி. ஒரு வாஷர்கூட மாற்றக் கூடாது, ஒரிஜினல் கிடைக்கிற வரைக்கும் வண்டியைப் பூட்டவே கூடாது என்பார். அவருக்கு விற்க ஒரிஜினல் இருந்தது என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

மாமா இரண்டு கட்சியிலும் சேரவில்லை. கியர்பெட்டியில் கிக்கர் தண்டு ஓடும் புஷ் தேய்ந்து ஓட்டையாகிக் கிடந்தது. கடையில் கிடைத்த புது புஷ்ஷைத் தண்டில் போட்டுப் பார்த்தார்; லொடலொடத்தது. ஷிஃப்ட் முடிந்து ஒரு சிநேகிதரின் லேத் பட்டறைக்குப் போய், கன்மெட்டல் உருளையில் தானே கடைந்து வந்தார். தண்டும் சேர்ந்து தேய்ந்திருக்கிறதே, அந்தத் தேய்மானத்துக்கு ஏற்ற மாதிரி இரண்டு தவ் குறைத்துப் பிடித்திருந்தார். தவ் என்றால் அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு. இது ஒரிஜினலா? இல்லை. அந்தத் தண்டுக்கு அதைவிடப் பொருத்தமான புஷ் திருவொற்றியூரிலும் கிடைத்திருக்காது. தேய்ந்த பழைய புஷ்ஷை அவர் வீசவில்லை. பேப்பரில் சுற்றி, எங்கிருந்து எடுத்தது, என்றைக்கு எடுத்தது என்று எழுதி பிஸ்கட் டின்னில் போட்டார். மாற்றிய ஒவ்வொன்றுக்கும் இதே சடங்கு. செத்த பாகத்துக்கு எதற்கு ஜாதகம் என்று நாங்கள் சிரிப்போம்.

பெயிண்ட் அடிக்கிற கட்டத்தில் பாலக்காட்டுக் கணவாய் குறுக்கே வந்தது. வைகாசி கடைசியில் அங்கிருந்து காற்று கிளம்பிவிட்டால் கோயமுத்தூரில் எந்த ஈரப் பெயிண்ட்டும் தப்பாது. மாமா விடியற்காலையில் எழுந்து, கட்டுத்தரைத் தரை முழுக்கத் தண்ணீர் தெளித்து, நான்கு பக்கமும் தார்ப்பாய் கட்டி, வாடகைக் கம்ப்ரஸரை ஓட்டினார். மிலிட்டரிப் பச்சையை மறுபடி அடிக்க முடியாது. அது ராணுவத்துக்கு மட்டும் என்பது இன்றைக்கும் சட்டம். அதனால் கறுப்பு. ஒரு கோட் காய்ந்ததும் உப்புத்தாளைத் தண்ணீரில் நனைத்துத் தேய்ப்பது, மறுபடி ஒரு கோட். தேய்த்துத் தேய்த்து எங்கள் விரல்நுனி ரேகையெல்லாம் மழுங்கியது.

டாங்கியில் தங்கக் கோடு போட போர்டு எழுதும் ஓவியர் ஒருவர் வந்தார். திருவொற்றியூர் ஆலையிலும் அந்தக் கோட்டைக் கையால்தான் போடுகிறார்கள் என்று கேள்விப்பட்டதும் கொஞ்சம் நிமிர்ந்து உட்கார்ந்தார். ஸ்கேலும் டேப்பும் வேண்டாம் என்றார். நீள மயிர் வைத்த மெல்லிய பிரஷ், அதில் இனாமல். சுண்டுவிரலை டாங்கியின் விளிம்பில் ஊன்றிக்கொண்டார். மூச்சை இழுத்துப் பிடித்து, டாங்கியின் முன்னாலிருந்து பின்னால் வரைக்கும் கையைக் கொண்டுவந்தார். பிரஷ் நகரவில்லை, இவர் உடம்பு முழுதும் நகர்ந்தது. வளைவில் கோடு பருக்கவும் இல்லை, மெலியவும் இல்லை. வீட்டுக்குள்ளிருந்து அம்மாயியும் வந்து நின்று பார்த்தது. அந்த வண்டி விசயத்தில் அது மனசாரப் பாராட்டியது அந்தக் கோட்டை மட்டும்தான்.

வண்டி ஓடியதைப் பற்றி எழுதப் பெரிதாக இல்லை. சாவியைப் போட்டு, அம்மீட்டர் முள்ளைப் பார்த்துக்கொண்டே கிக்கரை மெதுவாக அழுத்தி, கம்ப்ரஷன் இடித்ததும் டீகம்ப்ரஸர் லீவரைப் பிடித்து ஒரு நூல் தாண்டவிட்டு, லீவரை விட்டு ஓங்கி உதைத்தார். அவசரப்பட்டால் திருப்பி உதைக்கும் என்று ஜாவாக்காரர் எங்களைத் தள்ளி நிற்கச் சொன்னார். கிளம்பியது. அவிநாசி ரோட்டில் ஒரு சுற்று எங்களை உட்கார வைத்து ஓட்டினார். ஓடுகிற வண்டி எல்லாருக்கும் பொதுவானது. பிரிந்து கிடந்த வண்டிதான் எங்களுடையது. அடுத்த லீவுக்குப் போனபோது அவர் இன்னொன்றைப் பிரித்துப் போட்டிருந்தார் என்பதால் பிழைத்தோம்.

2021இல் பழைய வண்டிகளுக்கு மத்திய அரசு தனி விதி கொண்டுவந்தது. ஐம்பது வருசத்துக்கு மேற்பட்டு, பெரிய மாற்றம் எதுவும் செய்யாமல் அசல் நிலையில் வைத்திருக்கும் வண்டிகளுக்கு நம்பர் பிளேட்டில் வி.ஏ. என்ற எழுத்து சேர்த்துத் தனிப் பதிவு. அதற்குப் பிறகு பழைய புல்லட் தேடி வீட்டுக்கு ஆள் வர ஆரம்பித்தது. மாமாவுக்கு மூட்டு வலி, உதைக்க முடியாது. விற்கத் தயாராகத்தான் இருந்தார். பெங்களூரிலிருந்து வந்த ஓர் இளைஞர் வண்டியைச் சுற்றிச் சுற்றி வந்து, போனில் ஏதேதோ படங்களோடு ஒப்பிட்டு, எதெல்லாம் ஒரிஜினல் இல்லை என்று பட்டியல் போட்டார். கிக்கர் புஷ் வரைக்கும் மாமாவே எடுத்துக் கொடுத்தார்.

“அந்த ஒரிஜினல் பார்ட்ஸ் எங்க சார் கிடைக்கும்?” என்று கேட்டார் அவர்.

மாமா உள்ளே போய் பிஸ்கட் டின்னைக் கொண்டுவந்து திறந்து வைத்தார். ஒவ்வொரு பொட்டலத்தின் மேலும் பெயர், இடம், தேதி. வந்தவர் நாற்காலியில் உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்த்தார். வண்டி விலையில் முக்கால் மணி நேரம் பேரம் பேசியவர், டின்னுக்கு மாமா தனியாகக் கேட்ட ரூபாயை ஒரு வார்த்தை பேசாமல் எடுத்துக் கொடுத்தார்.