பன்னிரண்டு ஜெர்சிகள்

1989ஆம் ஆண்டு டெட்ராய்ட் ரெட் விங்ஸ் அணி புதிய ஆட்டக்காரர்களைத் தெரிவுசெய்த பட்டியலைப் பற்றி ஐஸ் ஹொக்கி ரசிகர்கள் இன்றைக்கும் பேசுவார்கள். மூன்றாவது சுற்றில், 53ஆவது ஆளாக, சுவீடனின் நிக்லஸ் லிட்ஸ்ட்ராம். நான்காவது சுற்றில், 74ஆவது ஆளாக, சோவியத் யூனியனின் செர்கேய் ஃபெடரோவ். இருவரும் பின்னாளில், 2015இல், ஒன்றாகவே 'ஹால் ஒஃப் ஃபேம்' ஏறினார்கள். ஒரே வருடத்தில் இரண்டு புதையல்.

அந்த வருடம் டெட்ராய்ட் முதற்சுற்றில், இவர்கள் இரண்டு பேருக்கும் முன்னால், 11ஆவது ஆளாகக் கூப்பிட்ட பெயர் மைக் சிலிஞ்சர். கனடாவின் புல்வெளி மாகாணமான சஸ்காச்சுவானில், ரெஜைனா நகரத்துப் பெடியன். இளையோர் ஹொக்கியையும் சொந்த ஊர் அணியான ரெஜைனா பாற்ஸுக்கே ஆடியவர். அதற்குப் பிறகு அவருக்குச் சொந்த ஊர் என்ற வசதி கிடைக்கவே இல்லை.

டெட்ராய்ட், அனஹைம், வான்கூவர், பிலடெல்பியா, தம்பா பே, புளோரிடா, ஒட்டாவா, கொலம்பஸ், பீனிக்ஸ், செயின்ட் லூயிஸ், நாஷ்வில், நியூயோர்க் ஐலண்டர்ஸ். 1990இலிருந்து 2009 வரை பன்னிரண்டு அணிகள். என்.எச்.எல். வரலாற்றில் வேறு யாரும் இத்தனை ஜெர்சி போட்டதில்லை.

இந்தப் பட்டியலை முதன்முதல் பார்த்தபோது எனக்குப் பெரிய ஹொக்கி அறிவு கிடையாது. ஆனால் பட்டியல் பழக்கப்பட்டதாக இருந்தது. ரொறன்ரோவுக்கு வந்த புதிதில் நானும் ஏஜென்சியில் வேலை செய்தவன். காலை நாலரைக்கு போன் வரும். இன்றைக்கு பிஸ்கட் கொம்பனி, நாளைக்கு கார் உதிரிப்பாகம், அடுத்த கிழமை மரக்கறி பொதி செய்யும் இடம். சேஃப்டி சப்பாத்தை எடுத்துக்கொண்டு வானில் ஏற வேண்டியதுதான். பெர்மனன்ற் ஆக்களுக்கு லொக்கர் இருக்கும், அதில் பெயர் இருக்கும். எங்களை 'ஏஜென்சி' என்றுதான் கூப்பிடுவார்கள். என்னோடு வானில் வரும் அண்ணை ஒருவர் சொல்லுவார்: "தம்பி, பேரையெல்லாம் ஆர் கேக்கினம்? கை ஓடுதோ எண்டுதான் பாக்கினம்."

சிலிஞ்சருக்குக் கை ஓடியது. அவர் சென்டர், அதாவது நடுவரிசை ஆட்டக்காரர். டெட்ராய்டில் அந்த இடத்தில் ஏற்கெனவே அணித்தலைவர் ஸ்டீவ் ஐசர்மன் நின்றார். பக்கத்தில் ஃபெடரோவ் வளர்ந்துகொண்டிருந்தார். ஒரு தலைமுறையின் மிகச் சிறந்த சென்டர்களில் இரண்டு பேர் ஒரே அணியில் இருந்தால், மூன்றாவது ஆள் எவ்வளவு நல்லவனாக இருந்தும் என்ன? 1995இல் அவரை அனஹைமுக்குக் கொடுத்தார்கள். இரண்டு வருடம் கழித்து டெட்ராய்ட் ஸ்டான்லி கிண்ணத்தை வென்றது. அடுத்த வருடமும் வென்றது. சிலிஞ்சர் கடைசி வரைக்கும் அந்தக் கிண்ணத்தை வெல்லவில்லை.

பிறகு அவர் சிறிய வேலைகளின் நிபுணர் ஆனார். ஐஸ் ஹொக்கியில் ஆட்டம் நின்று நின்று தொடங்கும். ஒவ்வொரு தடவையும் நடுவர் அந்தக் கறுப்பு ரப்பர் வில்லையை இரண்டு சென்டர்களுக்கு நடுவே போடுவார். இதுதான் ஃபேஸ் ஓஃப். அரைச் செக்கனில் அதை யார் தன் பக்கம் இழுக்கிறாரோ அவர் அணிக்கு வில்லை. ஒரு கோல் முன்னணியில் இருக்கும்போது, கடைசி நிமிடத்தில், சொந்த வலைக்குப் பக்கத்தில் ஃபேஸ் ஓஃப் வந்தால் பயிற்சியாளர் நட்சத்திரத்தைத் தேடமாட்டார், சிலிஞ்சர் மாதிரி ஆளைத்தான் தேடுவார். தன் ஆள் தண்டனைப் பெட்டிக்குள் உட்கார்ந்திருக்க, நான்கு பேராக நின்று ஐந்து பேரை இரண்டு நிமிடம் தடுக்க வேண்டும் என்றாலும் அவர்தான். பந்தயத்தின் சிறப்புக் காட்சிகளில் இந்த வேலை வராது. மற்ற அணிகளின் மேலாளர்களுக்கு மட்டும் நன்றாகத் தெரியும்.

ஏன் பன்னிரண்டு? அவருடைய குணத்திலோ திறமையிலோ காரணம் தேடுவார்கள். நான் லீக்கின் கணக்கைப் பார்க்கச் சொல்வேன். அவர் ஆட வந்தபோது என்.எச்.எல்.லில் 21 அணிகள். பத்து வருடத்தில் 30 ஆகிவிட்டது. அவர் ஆடிய பன்னிரண்டில் அனஹைம், தம்பா பே, புளோரிடா, ஒட்டாவா, நாஷ்வில், கொலம்பஸ் ஆகிய ஆறு அணிகள் 1990இல் இல்லவே இல்லை. புதுக் கடை திறந்தால் முதலில் தேவைப்படுவது வேலை தெரிந்த ஆள். முதலாளியின் முகம் போஸ்டரில் பிறகு வரட்டும், இன்றைக்குக் கல்லாவில் யார் நிற்பது? லீக் வளர்ந்த வேகத்தில் அந்தக் கல்லாவில் ஊர் ஊராக நின்றவர் சிலிஞ்சர்.

ஆனால் ஊர் மாறுவதை முடிவெடுப்பது ஆட்டக்காரர் அல்ல. பெரிய நட்சத்திரங்கள் 'என்னை விற்கக் கூடாது' என்று ஒப்பந்தத்தில் ஒரு வரி கேட்டு வாங்குவார்கள். அந்த வரி இல்லாதவரின் ஒப்பந்தத்தை ஒரு அணி இன்னொரு அணிக்கு அப்படியே மாற்றிவிடலாம், அவருடைய சம்மதம் தேவையில்லை. 2003 ஜூலை 22 அன்று கொலம்பஸ் அவரை டல்லஸுக்குக் கொடுத்தது. அதே நாளில் டல்லஸ் அவரை பீனிக்ஸுக்குக் கொடுத்தது. பன்னிரண்டு அணிக் கணக்கில் டல்லஸ் கிடையாது, அவர் அங்கே ஒரு ஆட்டம்கூட ஆடவில்லை. ஒரு பகல் மட்டும் டல்லஸ் ஆட்டக்காரராக இருந்தார்.

இப்படிப்பட்டவரை ஆங்கிலத்தில் 'ஜர்னிமேன்' என்பார்கள். பயணம் போகிறவன் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அகராதி வேறு சொல்கிறது. பிரெஞ்சில் 'ஜூர்னே' என்றால் ஒரு பகல், ஒரு பகலின் வேலை. தொழிலை முறையாகக் கற்று முடித்து, சொந்தப் பட்டறை இல்லாமல், இன்னொருவர் பட்டறையில் நாட்கூலிக்கு நிற்பவன்தான் ஜர்னிமேன். பயணம் அந்தச் சொல்லில் பிறகு ஒட்டிக்கொண்ட தூசி. எங்களிடம் 'அன்றாடங்காய்ச்சி' என்ற சொல் இருக்கிறது, ஆனால் அதில் வறுமை மட்டும்தான் தெரிகிறது. தொழில் தெரிந்தவன் என்ற மரியாதை அதில் இல்லை.

சிலிஞ்சர் வறுமைப்பட்டவர் இல்லை. என்.எச்.எல். சம்பளத்தையும் என்னுடைய மணித்தியாலச் சம்பளத்தையும் ஒரே தராசில் வைக்கமாட்டேன். ஒத்துப்போவது வேறொன்று. அவர்கள் உடைமாற்றும் அறையிலும் ஒவ்வொருவர் இருக்கைக்கு மேலே பெயர்ப்பலகை உண்டு. கழற்றி மாட்டக்கூடிய பலகை.

'பன்னிரண்டு அணிக்கும் வேண்டாதவன்' என்று ஒரு கட்சி சொல்லும். 'பன்னிரண்டு அணியும் விரும்பியவன்' என்று மறு கட்சி சொல்லும். இரண்டாவது கேட்க இனிமையாக இருக்கிறது, ஏஜென்சிக்காரரும் எங்களுக்கு அதைத்தான் சொல்லுவார்: "உன்னைத்தான் கேட்கிறார்கள்." கேட்டார்கள்தான். வெள்ளிக்கிழமை வரைக்கும் கேட்டார்கள். இரண்டும் ஒரே நேரத்தில் உண்மை என்பதுதான் இந்த வாழ்க்கையின் சிக்கல். உன் வேலை வேண்டும், நீ இருக்க வேண்டியதில்லை.

லிட்ஸ்ட்ராம் 20 பருவமும் டெட்ராய்டிலேயே ஆடினார். 1,564 ஆட்டங்கள், நான்கு ஸ்டான்லி கிண்ணங்கள். விசுவாசம் என்று எழுதுவார்கள். அவர் மகத்தான ஆட்டக்காரர், அதில் சந்தேகமில்லை. ஆனால் ஒரே இடத்தில் இருப்பதற்கு விசுவாசம் மட்டும் போதாது, யாரும் உன்னை விற்க நினைக்காத அளவுக்கு நீ பெரியவனாக இருக்கவும் வேண்டும். சிலிஞ்சருக்கு அந்தத் தெரிவு வாய்க்கவில்லை. அவருக்கு வாய்த்தது 1,049 ஆட்டங்கள், 240 கோல்கள். ஆயிரமாவது ஆட்டத்தை நியூயோர்க் ஐலண்டர்ஸ் ஜெர்சியில் ஆடினார். ஒவ்வொரு புது அறையிலும் புதுப் பயிற்சியாளரின் முன்னால், முதல் நாள் வந்த பெடியனைப் போல மறுபடி நிரூபித்தால்தான் ஆயிரம் வரும். இடுப்பு மூட்டு இனி முடியாது என்றபோது, 2009இல், நிறுத்தினார்.

அவருக்கு மூன்று மகன்கள். கடைக்குட்டி கோல் சிலிஞ்சர் பிறந்தது 2003 மே மாதம், கொலம்பஸ் நகரத்தில். பிறந்து இரண்டு மாதத்தில்தான் அந்த டல்லஸ், பீனிக்ஸ் செய்தி வந்தது. தொட்டிலையும் பெட்டி கட்டியிருப்பார்கள்.

2021இல் கொலம்பஸ் அணி முதற்சுற்றில், 12ஆவது ஆளாக, கோல் சிலிஞ்சரைத் தெரிவுசெய்தது. அந்த இலையுதிர் காலத்திலேயே, 18 வயதில், பிறந்த ஊரின் ஜெர்சியைப் போட்டு அவர் என்.எச்.எல். பனித்தளத்தில் இறங்கினார். அவரும் சென்டர்தான். கொலம்பஸில் அப்பா ஆடியது இரண்டு பருவம். மகன் அதைத் தாண்டிவிட்டார்.